படியேறிய கண்டக்டரும் உட்கார்ந்திருந்த டிரைவரும்

தம்பி தங்கைகளே, லண்டன் நகரத்துச் சிவப்பு மாடி பஸ்ஸைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். கீழே ஒரு தளம், மேலே ஒரு தளம், பின்பக்கம் வளைந்து ஏறும் குறுகலான படிக்கட்டு. எழுபது, எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னால் அந்த பஸ் ஒவ்வொன்றிலும் இரண்டு பேர் வேலை பார்த்தார்கள். முன்னால் டிரைவர், பின்னால் கண்டக்டர். டிரைவருக்கு வேலை நேரத்தில் பெரும்பகுதி உட்கார்ந்தே கழியும். கண்டக்டர் அப்படி உட்கார முடியாது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறுகிறவர்களுக்கு டிக்கெட் கொடுக்க மேல்தளத்துக்கும் கீழ்த்தளத்துக்கும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்த இரண்டு பேரையும் ஒப்பிட்டுப் பார்த்தால் என்ன என்று ஒரு மருத்துவருக்குத் தோன்றியது. அவர் பெயர் ஜெர்ரி மாரிஸ். 1910-இல் லிவர்பூலில் பிறந்து, கிளாஸ்கோ நகரத்தில் வளர்ந்தவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராணுவ மருத்துவராக இந்தியாவிலும் பணியாற்றியவர். போர் முடிந்து ஊர் திரும்பியபோது, பிரிட்டனில் மாரடைப்பால் இறப்பவர்கள் அதிகமாகிக்கொண்டே போவதைப் பார்த்தார். காரணம் என்ன என்று யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை.

எதையாவது ஆராய வேண்டுமென்றால் பொருத்தமான இரண்டு கூட்டம் வேண்டும். ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அவை ஒத்திருந்தால் நல்லது. டிரைவரும் கண்டக்டரும் ஒரே நிறுவனத்தில், ஒரே பஸ்ஸில், ஒரே நகரத்தில் வேலை செய்கிறவர்கள். சம்பளத்திலும் வாழ்க்கை வசதியிலும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், மற்றவர் ஏறி இறங்குகிறார். மாரிஸ் அதைப் பிடித்துக்கொண்டார்.

1949-இல் வேலை தொடங்கியது. லண்டன் போக்குவரத்துத் துறையில் வேலை பார்த்த, 35 முதல் 64 வயதுக்குட்பட்ட சுமார் 31,000 ஆண்களின் விவரங்களைத் திரட்டினார்கள். யாருக்கு மாரடைப்பு வந்தது, எந்த வயதில் வந்தது, பிழைத்தாரா என்று ஒவ்வொன்றாகக் குறித்தார்கள். ஒரு கண்டக்டர் ஒரு வேலை நாளில் 500 முதல் 750 படிகள் வரை ஏறுகிறார் என்றும் தெரிந்தது.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா? நாளுக்கு 600 படி என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 250 வேலை நாள். மொத்தம் 1,50,000 படிகள். ஒரு படியின் உயரம் 20 சென்டிமீட்டர் என்றால் 30,000 மீட்டர். எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் 8,849 மீட்டர். ஆக, கடல் மட்டத்திலிருந்து எவரெஸ்ட் உச்சிக்கு ஒரே வருடத்தில் மூன்று தடவைக்கு மேல் ஏறிய கணக்கு! அந்தக் கண்டக்டர் மலையேறும் வீரர் அல்ல. உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்று நினைத்து ஏறியவரும் அல்ல. டிக்கெட் கொடுக்கப் போனார், அவ்வளவுதான்.

முடிவு என்ன தெரியுமா? டிரைவர்களைவிடக் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாகவே வந்தது. வந்தவர்களுக்கும் கூடுதல் வயதில்தான் வந்தது. வந்த கொஞ்ச காலத்திலேயே உயிரைப் பறித்துவிடும் மாரடைப்பு, டிரைவர்களுக்கு வந்ததில் ஏறக்குறைய பாதிதான் கண்டக்டர்களுக்கு.

இங்கேதான் மாரிஸ் எனக்கு மிகவும் பிடித்த ஒரு காரியத்தைச் செய்தார். கண்டுபிடித்துவிட்டேன் என்று உடனே அறிவிக்கவில்லை. தன் முடிவைத் தானே சந்தேகப்பட்டார். நெரிசலான தெருவில் பஸ் ஓட்டுவது பெரிய பதற்றம் தரும் வேலை ஆயிற்றே, அந்தப் பதற்றம் காரணமாக இருந்தால்? அதனால் வேறொரு துறைக்குப் போனார். தபால் துறை. அங்கே வீடு வீடாக நடந்தும் சைக்கிளில் போயும் கடிதம் கொடுக்கும் தபால்காரர்கள் ஒரு பக்கம். அதே துறையில் நாற்காலியில் உட்கார்ந்து எழுதும் எழுத்தர்களும் தொலைபேசி இணைப்புக் கொடுப்பவர்களும் மறுபக்கம். இங்கே பஸ்ஸும் இல்லை, நெரிசலும் இல்லை. ஆனால் முடிவு அதேதான். நடந்தவர்களுக்கு மாரடைப்பு குறைவு. அதன் பிறகே, 1953-இல், 'லான்செட்' என்ற மருத்துவ இதழில் தன் ஆய்வை வெளியிட்டார்.

அப்போதும் அவர் விடவில்லை. போக்குவரத்துத் துறை தன் ஊழியர்களுக்குச் சீருடை தைத்துக் கொடுக்கும். தைக்க அளவு எடுத்திருப்பார்கள் அல்லவா? அந்த அளவுப் புத்தகத்தைப் பார்த்தார். டிரைவர்களின் பேன்ட் இடுப்பளவு கண்டக்டர்களுடையதைவிடப் பெரிது! உடனே இன்னொரு சந்தேகம். பருமனானவர்கள்தான் டிரைவர் வேலைக்குப் போகிறார்களோ? அந்தப் பருமன்தான் நோய்க்குக் காரணமோ? ஒல்லியான டிரைவரை ஒல்லியான கண்டக்டரோடும், பருமனான டிரைவரைப் பருமனான கண்டக்டரோடும் ஒப்பிட்டார். ஒல்லியோ பருமனோ, கண்டக்டர்களின் நிலைமையே மேலாக இருந்தது.

இதை நீங்கள் நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். வகுப்பில் கொஞ்சம் சதைப்பிடிப்பாக இருக்கும் பிள்ளையைப் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிறவர்கள் உண்டு. அந்தப் பிள்ளை வெட்கப்பட்டு மைதானத்துக்கே வராமல் ஒதுங்கிவிடும். உருவத்தைப் பார்த்து ஒருவரின் உடல்நலத்தைச் சொல்லிவிட முடியாது. ஓடியாடும் பருமனான பிள்ளைக்கு அந்த ஓட்டத்தின் பலன் முழுதாகக் கிடைக்கும். எந்நேரமும் கைப்பேசியோடு உட்கார்ந்திருக்கும் ஒல்லிப் பிள்ளைக்கு அது கிடைக்காது. கேலி செய்து ஒருவரை விளையாட்டிலிருந்து விரட்டுவது அவருடைய உடல்நலத்துக்கே கெடுதல் செய்வது.

சரி, படி ஏறினால் இதயத்துக்கு என்ன ஆகிறது?

நம் இதயம் நம் கைமுட்டி அளவுதான் இருக்கும். ஒரு நாளில் சுமார் ஒரு லட்சம் தடவை துடிக்கும். பெரியவர்களுக்குச் சும்மா இருக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை அது வெளியே தள்ளுகிறது. வேகமாக ஓடும்போது அது 15, 20 லிட்டர் வரை போகும். தொடைத் தசைகள் உயிர்க்காற்று கேட்கின்றன, இதயம் கொடுக்கிறது. இப்படித் தினமும் கேட்டுக்கொண்டே இருந்தால் இதயத் தசை வலுப்படுகிறது. ஒரே துடிப்பில் அதிக இரத்தத்தைத் தள்ளப் பழகுகிறது. இரத்தம் வேகமாகப் பாயும்போது குழாய்களின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடு என்ற பொருளைச் சுரக்கிறது. அது குழாயைத் தளர்த்தி விரியச் செய்கிறது. குழாய் விறைத்துப் போகாமல் இருக்க இது உதவுகிறது.

கெண்டைக்கால் தசைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பாதத்துக்கு இறங்கிய இரத்தம் மேலே திரும்ப வேண்டுமே. நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி, அங்குள்ள சிரைகளை அழுத்தி, இரத்தத்தை மேலே ஏற்றுகிறது. ஏறியது மறுபடி இறங்காமல் இருக்கச் சிரைக்குள் சின்னச் சின்ன வால்வுகள் இருக்கின்றன. இரவு முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து ஊருக்குப் போன பாட்டிக்குக் காலையில் பாதம் வீங்கிச் செருப்பு இறுக்குவதைக் கவனித்திருக்கிறீர்களா? கெண்டைக்கால் பல மணி நேரம் வேலை செய்யாததுதான் பெரும்பாலும் அதற்குக் காரணம்.

உங்கள் இதயம் எப்படி இருக்கிறது என்று நீங்களே பார்க்கலாம். ஒரு நோட்டும், நொடி முள் உள்ள கடிகாரமும் போதும். முதலில் ஐந்து நிமிடம் அமைதியாக உட்காருங்கள். இடது மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே உள்ள பள்ளத்தில், வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மெதுவாக வையுங்கள். கட்டைவிரலால் பார்க்கக் கூடாது. அதற்குள்ளேயே ஒரு துடிப்பு இருப்பதால் எண்ணிக்கை குழம்பிவிடும். 30 நொடிக்கு எண்ணி இரண்டால் பெருக்குங்கள். உங்கள் வயதில் பெரும்பாலும் 70-க்கும் 100-க்கும் நடுவில் இருக்கும். எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து, பள்ளி மாடிப்படியில் மூன்று தடவை ஏறி இறங்குங்கள். மாடி இல்லையா? இரண்டு நிமிடம் ஸ்கிப்பிங் ஆடுங்கள். நின்றதும் உடனே 15 நொடிக்கு எண்ணி நான்கால் பெருக்குங்கள். பிறகு உட்கார்ந்து, ஒவ்வொரு நிமிடமும் எண்ணிப் பாருங்கள். பழைய எண்ணிக்கைக்குத் திரும்ப எத்தனை நிமிடம் ஆகிறது? அதுதான் நமக்கு வேண்டிய விடை. தினமும் ஓடியாடி விளையாடிவிட்டு, ஒரு மாதம் கழித்து இதே சோதனையைச் செய்தால் அந்த நேரம் குறைந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. வீசிங், இதயக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி ஓடியாட வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் ஆட வேண்டும் என்று இல்லை. பள்ளிக்கு வேகமாக நடப்பது, இடைவேளையில் ஓடிப்பிடிப்பது, மாலையில் கபடி எல்லாமே கணக்கில் சேரும். கண்டக்டரும் ஒரே மூச்சில் 600 படி ஏறவில்லையே.

இன்னொரு விஷயம் உங்கள் வயதுக்கே உரியது. எலும்பு.

எலும்பு செத்த பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்குள் பழைய எலும்பைக் கரைக்கும் செல்களும் புதிதாகக் கட்டும் செல்களும் இரவு பகலாக வேலை செய்கின்றன. எங்கே அதிகச் சுமை விழுகிறது என்று பார்த்து, அந்த இடத்தில் கூடுதலாகச் செங்கல் வைக்கும் கொத்தனார் போலத்தான் இந்தச் செல்கள். டென்னிஸ் வீரர்களைப் பரிசோதித்தபோது, மட்டை பிடிக்கும் கையின் எலும்பு மற்ற கை எலும்பைவிடத் தடிமனாக இருந்தது. விண்வெளிக்குப் போகிறவர்களுக்கு நேர்மாறாக நடக்கும். அங்கே உடம்பின் எடையை எலும்பு தாங்க வேண்டியதில்லை. அதனால் இடுப்பு போன்ற இடங்களில் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை எலும்புச் சத்து குறைந்துவிடும். இதைத் தடுக்கத்தான் விண்வெளி நிலையத்தில் இருப்பவர்கள் தினமும் இரண்டு மணி நேரம் போல உடற்பயிற்சி செய்கிறார்கள்.

நம் வாழ்நாளுக்கான எலும்பு வலுவில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு இருபது வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. அதாவது, நீங்கள் இப்போது இருக்கும் வயதில். குதிக்கும்போது விழும் அதிர்ச்சி எலும்புக்கு மிகவும் பிடிக்கும். பாண்டி, நொண்டி, ஸ்கிப்பிங் எல்லாம் அதற்கு ஏற்ற ஆட்டங்கள். தெருவில் கட்டம் போட்டுப் பாண்டி ஆடும் பெண் பிள்ளைகளை 'வயசுக்கு வந்தாச்சு, இனி என்ன ஆட்டம்' என்று நிறுத்துகிறார்கள் பாருங்கள், அது பெரிய தவறு. எலும்பு வேகமாகக் கட்டப்படும் பருவமே அதுதான்.

கட்டுவதற்குப் பொருள் வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அதே அளவு பாலில் சுமார் 120 மில்லிகிராம். ஆனால் கேழ்வரகில் உள்ளது அத்தனையும் உடம்பில் சேராது. தானியத்தில் இருக்கும் பைட்டேட் என்ற பொருள் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முளைகட்டினாலும் புளிக்க வைத்தாலும் அந்தப் பிடி தளரும். நம் வீடுகளில் மாவைக் கரைத்து இரவில் புளிக்க விட்டு மறுநாள் கூழ் காய்ச்சுகிறார்களே, அந்தப் பழக்கத்துக்குள் இந்த நன்மை இருக்கிறது. காலையில் ஒரு சொம்புக் கேழ்வரகுக் கூழில் மோர் ஊற்றிக் குடித்தால் கால்சியம் இரண்டு வழியாகவும் சேரும்.

படி ஏறும்போது சிலருக்கு மட்டும் சீக்கிரம் மூச்சு வாங்கும், தலை சுற்றும், கண்ணின் கீழிமைக்குள் வெளிறி இருக்கும். இரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைவு அதற்குக் காரணமாக இருக்கலாம். உயிர்க்காற்றைத் தூக்கிக்கொண்டு போவது சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபின். இரும்பு இல்லாமல் அதைச் செய்ய முடியாது. நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை இருப்பது அரசின் கணக்கெடுப்பிலேயே தெரிகிறது. நம் அக்காமார்களில் இரண்டில் ஒருவர்! எனக்கு இது மிகவும் கவலை தரும் செய்தி.

இரும்பு முருங்கைக்கீரையில் இருக்கிறது, கறியிலும் ஈரலிலும் இருக்கிறது. கறியில் உள்ள இரும்பு எளிதாகச் சேரும். கீரை, பருப்பு, தானியத்தில் உள்ளது அவ்வளவு எளிதில் சேராது. அதற்கு வைட்டமின் சி துணை வேண்டும். கீரைப் பொரியல் சாப்பிடும்போது சோற்றில் கொஞ்சம் எலுமிச்சம்பழம் பிழிந்துகொள்ளுங்கள். ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ கூடச் சாப்பிடுங்கள். தேநீர் இதற்கு எதிராக வேலை செய்யும். அதில் உள்ள டானின் இரும்பைக் கட்டிப்போட்டுவிடும். சாப்பாட்டோடு டீ குடிக்கும் பழக்கம் வீட்டில் இருந்தால், ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாமே என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரையைச் சிலர் ஜன்னல் வழியே எறிந்துவிடுகிறார்கள். மாத்திரை சாப்பிட்ட பிறகு மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்துவிடுவதும் ஒரு காரணம். பயப்பட ஒன்றும் இல்லை. உடம்பு எடுத்துக்கொள்ளாத மீதி இரும்பு வெளியேறும் நிறம் அது. வெறும் வயிற்றில் சாப்பிட்டால் குமட்டலாம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு விழுங்குங்கள். குடற்புழு மாத்திரையையும் தவறவிடாதீர்கள். கொக்கிப்புழுவின் குஞ்சுகள் அசுத்தமான ஈர மண்ணிலிருந்து வெறும் காலின் தோல் வழியாக உள்ளே போய், குடலில் தங்கி, நம் இரத்தத்தைக் குடிக்கும். வெளியே போகும்போது செருப்புப் போடுவதும் இரத்தசோகையைத் தடுக்கும் வழிதான்.

வயிற்றுக்குள் தேவையில்லாமல் போவது எது என்று கேட்டால், நான் முதலில் காட்டுவது பாட்டில் குளிர்பானத்தைத்தான். அடுத்த தடவை கடையில் ஒரு பாட்டிலைக் கையில் எடுத்து, பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். 100 மில்லிக்குச் சர்க்கரை எத்தனை கிராம் என்று போட்டிருக்கும். கோலா வகைகள் பலவற்றில் அது 10 கிராமுக்கு மேல். 250 மில்லி பாட்டில் என்றால் 25 கிராமைத் தாண்டிவிடும். ஒரு தேக்கரண்டி சர்க்கரை சுமார் 4 கிராம். ஆறு கரண்டிக்கு மேல் சர்க்கரையை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு யாராவது கொடுத்தால் குடிப்பீர்களா? பெரியவர்களே ஒரு நாளில் சேர்க்கும் சர்க்கரையை 25 கிராமுக்குள் வைத்துக்கொள்வது நல்லது என்பதுதான் உலகச் சுகாதார நிறுவனத்தின் யோசனை. விளையாடி முடித்த தாகத்துக்குத் தண்ணீர், நீர்மோர், கிடைத்தால் இளநீர். இதற்குமேல் எதுவும் தேவையில்லை.

சாப்பிட்டு முடித்ததும் பத்து, பதினைந்து நிமிடம் நடப்பதும் நல்ல பழக்கம். சுருங்கி விரியும் தசை, இன்சுலின் அதிகம் இல்லாமலேயே இரத்தத்தில் உள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். தாத்தாவுக்கோ பாட்டிக்கோ சுகர் இருந்தால், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கையைப் பிடித்துத் தெருக்கோடி வரை அழைத்துப் போய்வாருங்கள். அவர்களுக்கு மருத்துவர் சொன்ன மாத்திரையோடு இதுவும் சேரட்டும்.

தூக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 6 முதல் 12 வயதுக்காரர்களுக்கு 9 முதல் 12 மணி நேரம், 13 முதல் 18 வயதுக்காரர்களுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். நம்மை வளர்க்கும் ஹார்மோன் அதிகமாகச் சுரப்பது ஆழ்ந்த தூக்கத்தில். தேர்வு நேரத்திலும் இதைக் குறைக்காதீர்கள்.

ஜெர்ரி மாரிஸ் தன் ஆய்வு சொன்னதைத் தானும் கடைப்பிடித்தார். லண்டனில் ஹாம்ப்ஸ்டெட் ஹீத் என்ற பெரிய புல்வெளியில் ஓடுவார். நீச்சலும் அடிப்பார். 2009-இல் இறந்தபோது அவருக்கு வயது 99. ஒரு மனிதர் நீண்ட நாள் வாழ்ந்ததை மட்டும் வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்பது அவருக்கே நன்றாகத் தெரியும். அதனால்தான் அவர் 31,000 பேரின் கணக்கைப் பார்த்தார்.

கடைசியாக, இதைப் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்கும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பல பள்ளிகளில் வாரத்துக்கு இரண்டே பி.டி. பீரியட். தேர்வு நெருங்கினால் அதையும் கணக்குக்கோ அறிவியலுக்கோ எடுத்துக்கொள்கிறார்கள். பாடம் முடியவில்லை என்ற சிரமம் புரிகிறது. ஆனால் எலும்பும் இதயமும் வளர்கிற இந்தச் சில வருடங்கள் மறுபடி வராது. பாடத்துக்கு வேறு நேரம் தேடுங்கள், அந்த இரண்டு பீரியடைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள். பிள்ளைகளே, நீங்களும் உங்கள் வகுப்பு ஆசிரியரிடம் போய் மரியாதையோடு கேளுங்கள்: "சார், இன்னைக்கு பி.டி. பீரியட் எங்களுக்கு வேணும்."